எவ்வளவு கொடுத்தால் மரியாதை?

நண்பர் ஒருவர் போன் செய்தார். கல்லூரிப் பேராசிரியர். நம் கூட்டங்களுக்கு வருகிறவர், நன்கொடைச் சீட்டை நீட்டினால் முகம் சுளிக்காமல் வாங்குகிறவர். விடுமுறைக்கு உத்தரகண்ட் போகிறாராம். நேபாள எல்லையில் பஞ்சேஸ்வர் என்று ஓர் இடம், காளி ஆறும் சரயு ஆறும் கூடுகிற இடம். அங்கே மஹசீர் மீனுக்குத் தூண்டில் போடப் போகிறார். பிடித்த மீனைத் தின்பதில்லை. கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். கூட ஒரு வழிகாட்டி வருவான். ‘வருவான்’ என்றுதான் சொன்னார்.

“உங்க அப்பா இந்த வேலை செஞ்சவருதானே, அதான் கேக்கறேன். கடைசி நாள் அவனுக்கு எவ்வளவு டிப்ஸ் கொடுத்தா மரியாதையா இருக்கும்?”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். போனில் சொன்னால் சண்டை வந்துவிடும்.

முதலில் அந்தக் கேள்வியைப் பாருங்கள் தோழர்களே. மரியாதை யாருக்கு? வாங்குகிறவனுக்கு அல்ல. குறைவாகக் கொடுத்துக் கஞ்சன் என்று பேர் வாங்கக் கூடாது, அதிகமாகக் கொடுத்து ஏமாளி ஆகவும் கூடாது. கொடுப்பவன் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துத் தலை சீவிக்கொள்கிற கேள்வி இது. முகாம்காரன் தன்னிடம் நாளொன்றுக்கு எவ்வளவு வாங்குகிறான், அதில் துடுப்புப் பிடிக்கிறவன் கைக்கு எவ்வளவு போகிறது என்று நண்பர் கேட்கவில்லை. மூன்று வேளையும் உபசரிப்பு பற்றி மின்னஞ்சலில் விசாரித்தவர், கூலி பற்றி ஒரு வரி விசாரிக்கவில்லை. கூலி என்று ஒன்று இருப்பதே அவர் மனசில் படவில்லை.

எங்கள் ஊர் பென்னாகரத்துக்குப் பக்கம். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர்களில் பல சாதியும் உண்டு, எங்கள் காலனியிலிருந்தும் போனார்கள். அப்பா அங்கே தொடங்கி, பிறகு மேலாற்றில் கர்நாடகப் பக்கம் இருந்த ஒரு தூண்டில் முகாமுக்குப் போனார். தை பிறந்து தண்ணீர் தெளிந்ததும் கிளம்பினால் சித்திரையில்தான் வீட்டுக்கு வருவார். இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருசம். அங்கே அவருக்குப் பேர் ‘கில்லி’. நம்மூரில் கில்லி என்றால் கெட்டிக்காரன் என்று நினைத்து அப்பா அந்தப் பேரில் பெருமைப்பட்டார். அது ஸ்காட்லாந்து மலைநாட்டுச் சொல் என்று நான் எம்.ஏ. படிக்கும்போதுதான் தெரிந்தது. அர்த்தம் ‘பையன்’. பிரபுக்கள் மான் வேட்டைக்கும் சால்மன் தூண்டிலுக்கும் போகும்போது மூட்டை தூக்கிக்கொண்டு கூட ஓடுகிற பையன். ஐம்பது வயசுக்காரனும் பையன்தான். சேரிக் கிழவரை ஊர்ச் சிறுவன் ‘டேய்’ என்று கூப்பிடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த அகராதிக்கு உரை தேவையில்லை.

கில்லியின் வேலை என்ன? விடியக் காலை நான்கு மணிக்கு எழுந்து ராகி மாவைக் கிண்டி, உருண்டை பிடித்து, தண்ணீரில் வேகவைக்க வேண்டும். மஹசீருக்கு அதுதான் இரை. ரொம்ப வெந்தால் தூண்டில் முள்ளில் நிற்காது, வேகாவிட்டால் மீன் தொடாது. எங்கள் வீட்டிலும் அதே ராகிதான், களி. அம்மா கிண்டிய உருண்டையும் அப்பா கிண்டிய உருண்டையும் ஒரே பதம். பிறகு பரிசலில் வெள்ளைக்காரரை உட்காரவைத்து, சுழலும் பாறையும் பார்த்து, மீன் எந்த மடுவில் நிற்கும் என்று கணித்து, சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மீன் மாட்டிக்கொண்டு ஓடினால் அதன் பின்னாலேயே வெள்ளத்தில் ஓட்ட வேண்டும். நரம்பு பாறையில் சிக்கினால் குதித்து முங்கி எடுத்துவிட வேண்டும். காவிரியில் முதலை உண்டு. கரையில் யானை. ஒருமுறை அறுந்த நரம்பு அப்பாவின் வலது உள்ளங்கையைக் குறுக்கே கிழித்துவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்கு மீன் தப்பியதால் டிப்ஸ் இல்லை.

இதைத்தான் விளையாட்டு என்கிறார்கள். மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹெச். எஸ். தாமஸ் 1873இல் இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது எப்படி என்று ஒரு புத்தகமே போட்டார். 1946இல் கபினியில் வான் இங்கன் என்பவர் 120 பவுண்டு மஹசீர் பிடித்தது இன்றைக்கும் பேசப்படுகிற சாதனை. மீனின் எடை இருக்கிறது, பிடித்தவர் பெயர் இருக்கிறது. கூட நின்றவன் பெயர் நான் படித்த பக்கம் எதிலும் இல்லை. காவிரியின் திமில் மஹசீருக்கு அறிவியல் பெயர் தீர்மானமானது 2018இல். அதே வருசம் அது அழியும் தறுவாயில் இருக்கும் உயிரினங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. தாமஸ் புத்தகத்திலிருந்து எண்ணினால் மீனுக்குப் பெயர் வைக்கவே 145 வருசம் ஆகியிருக்கிறது. பரிசல் தள்ளியவனுக்கு இன்னும் முறை வரவில்லை. (எங்கள் பக்கத்துக் காடுகளை எழுதிய கென்னத் ஆண்டர்சனைச் சொல்ல வேண்டும். தன்னோடு காடு சுற்றிய பைராவையும் ரங்காவையும் பெயர் சொல்லி எழுதினார். அந்த மட்டுக்கு நன்றி.)

என் தாத்தா காலத்தில் மீனில்லை, மிருகம். 1972 வனவிலங்குச் சட்டம் வரும் வரை அதிகாரிகளும் மிட்டா மிராசுகளும் அஞ்செட்டிப் பக்கம் வேட்டைக்கு வருவார்கள். காலனி ஆம்பிளைகள் தகரம் தட்டிக் காடு கலைக்க வேண்டும். கூலி கிடையாது. வேட்டை கிடைத்தால் ஓர் எட்டணா, கொஞ்சம் குடல். கிடைக்காவிட்டால் ‘நாளைக்கு வாங்கடா’. பன்றி குத்திச் செத்தவன் ஒருத்தன் இருக்கிறான் எங்கள் வகையறாவில். அவன் வீட்டுக்குத் துரை ஐந்து ரூபாய் கொடுத்தனுப்பியதைத் தாத்தா சாகும்வரை பெருந்தன்மை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

முகாமுக்கு வருகிறேன். தினக்கூலி உண்டு. ஒரு நாள் முழுக்கத் துடுப்புப் போட்டால் அதில் இரண்டு கிலோ அரிசி, எண்ணெய் வாங்கலாம். மற்றதெல்லாம் டிப்ஸ். அதை முதலில் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மேலாளர் ஒரு பெட்டி வைத்தார். பூட்டுப் போட்ட மரப்பெட்டி, சாப்பாட்டுக் கூடத்து வாசலில். விருந்தாளிகள் தனித்தனியாகக் கொடுப்பது நாகரிகமில்லை, எல்லோருக்கும் பொதுவாகப் போடுங்கள் என்று எழுதியும் ஒட்டினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பொதுவுடைமை மாதிரி. மாசக் கடைசியில் பெட்டியைத் திறந்து பங்கு போட்டபோதுதான் விசயம் புரிந்தது. மேலாளருக்கு முதல் பங்கு, சமையல்காரருக்கு அடுத்தது, ஜீப் ஓட்டுகிறவருக்கு அதற்கடுத்தது, பரிசல்காரர்களுக்குக் கடைசி. சமையல்காரர் யார், பரிசல்காரர் யார், யார் தட்டு கூடத்துக்கு உள்ளே, யார் தட்டு வேப்பமரத்தடியில் என்று நான் விரித்துச் சொல்ல வேண்டுமா? விருந்தாளி ஒரே பணத்தைப் போடுகிறான். பெட்டிக்குள் போனதும் அந்தப் பணம் சாதி கற்றுக்கொண்டு வெளியே வருகிறது.

படிநிலை ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் சொன்னாரே, அது நம்மோடு நிற்கவில்லை. தென்னாப்பிரிக்காவிலும் தான்சானியாவிலும் சிங்கமும் காட்டெருமையும் சுடப் போகிறவர்களுக்கு எழுதும் யோசனைக் குறிப்புகளைப் பாருங்கள். ‘தொழில்முறை வேட்டைக்காரர்’ என்று ஒருவர் இருப்பார், பெரும்பாலும் வெள்ளையர். அவருக்கு டாலரில், கையில், கைகுலுக்கி. தடம் பார்க்கிறவரும் தோல் உரிக்கிறவரும் கறுப்பர்கள். அவர்களுக்கு எவ்வளவு என்று அந்த வெள்ளை வேட்டைக்காரரையே கேட்டுக் கொடுங்கள் என்கிறார்கள். தொகை பல மடங்கு குறைவு. பல மைல் தடம் பார்த்து மிருகத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறவனுக்கு எவ்வளவு என்பதை, தடமே பார்க்காதவன் தீர்மானிக்கிறான்!

அப்பாவும் கூட ஐந்து பேரும் ஒரு வருசம் தினக்கூலியை உயர்த்தச் சொல்லிக் கேட்டார்கள். 2004 என்று ஞாபகம், எனக்கு அப்போது பதினான்கு வயசு, அரைப்பரீட்சை முடிந்து முகாமுக்குப் போயிருந்தேன். மேலாளர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: “அதான் டிப்ஸ் வாங்கறீங்கல்ல?”

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரை. டிப்ஸ் கூலிக்கு மேலே வருவதாகக் கொடுக்கிறவன் நினைக்கிறான். நடப்பில் அது கூலியைத் தின்றுவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. முதலாளி கொடுக்க வேண்டியதை விருந்தாளி கொடுக்கிறான், அதற்கு விருந்தாளிக்குத் தர்மவான் என்று பேர், முதலாளிக்கு லாபம், வாங்குகிறவனுக்குக் கும்பிடு.

அந்த மேலாளர் அமெரிக்கச் சட்டம் படித்திருக்க மாட்டார். ஆனால் அவர் சொன்னதேதான் அங்கே சட்டம். 1966இல் திருத்திய மத்தியக் கூலிச் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி குறைந்தபட்சக் கூலியை முழுதாகக் கொடுக்க வேண்டியதில்லை. டிப்ஸைக் கழித்துக்கொள்ளலாம். 1991இலிருந்து அந்தக் குறைந்த கூலி மணிக்கு 2.13 டாலர், இன்றைக்கும் அதே 2.13. மற்றவர்களுக்கு 7.25. டிப்ஸ் போதாமல் போனால் மிச்சத்தை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க யாருக்குத் தைரியம் வரும் என்பது சட்டத்தில் இல்லை. பல மாநிலங்கள் இதைவிட மேலான கூலி வைத்திருக்கின்றன, மத்தியச் சட்டம் மட்டும் அசையவில்லை.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது கறுப்பு வரலாறு. அடிமை முறை ஒழிந்தபின் புல்மேன் கம்பெனி தன் தூங்கும் ரயில் பெட்டிகளில் வேலைக்கு முன்னாள் அடிமைகளைத்தான் தேடி எடுத்தது. படுக்கை விரிக்க, பூட்ஸ் துடைக்க, இரவெல்லாம் விழித்திருக்க. சம்பளம் சொற்பம், டிப்ஸில் பிழைத்துக்கொள். பயணிகள் அவர்கள் எல்லோரையும் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மேன். அடிமைக்கு ஆண்டையின் பெயர் வைக்கிற பழைய வழக்கம் ரயில் ஏறி வந்திருக்கிறது! 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ப் தலைமையில் அவர்கள் சங்கம் வைத்தார்கள். டிப்ஸை நம்பிப் பிழைக்க வேண்டாத சம்பளம் கொடு என்பது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. பன்னிரண்டு வருசப் போராட்டம். 1937இல் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. மாசம் நானூறு மணி நேரம் போல இருந்த வேலை இருநூற்று நாற்பதாகக் குறைந்தது, சம்பளம் கூடியது. இதைச் சிரித்து வாங்கவில்லை, சிரிப்பை நிறுத்தி வாங்கினார்கள்.

வேட்டை வழிகாட்டிக்கும் ஒரு கதை. குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கும் டெடி கரடி பொம்மை எல்லோருக்கும் தெரியும். 1902 நவம்பரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பிக்குக் கரடி வேட்டைக்குப் போனார். வழிகாட்டி ஹோல்ட் காலியர். அடிமையாகப் பிறந்தவர், அந்தக் காட்டில் அவரை மிஞ்சிய கரடி வேட்டைக்காரர் இல்லை. ரூஸ்வெல்ட்டை ஓரிடத்தில் உட்காரவைத்து, கரடியை அங்கேயே விரட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனார். கரடி வந்தது, ஆனால் ஜனாதிபதி சாப்பிடப் போய்விட்டார். அவருக்காக அதை உயிரோடு வைத்திருக்க வேண்டுமே! கரடி நாயைப் பிடித்துக்கொண்டபோது காலியர் சுடவில்லை. துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடித்து, கயிறு போட்டு மரத்தில் கட்டினார். திரும்பி வந்த ரூஸ்வெல்ட், கட்டிப்போட்ட கரடியைச் சுடுவது வீரனுக்கு அழகல்ல என்று மறுத்தார். வேறொருவர் கத்தியால் கொன்றார்கள். பத்திரிகையில் கேலிச்சித்திரம் வந்தது, புரூக்ளினில் ஒரு கடைக்காரத் தம்பதி பொம்மை செய்தார்கள், பொம்மைக்கு ரூஸ்வெல்ட்டின் செல்லப் பெயர். மறுத்தவருக்குப் பேர், உயிரைப் பணயம் வைத்துக் கயிறு போட்டவருக்கு ஒன்றுமில்லை. 2004இல் மிசிசிப்பியில் ஒரு வனவிலங்குப் புகலிடத்துக்குக் காலியர் பெயர் வைத்தார்கள். செத்து 68 வருசம் கழித்து.

இன்றைக்கு அந்த நாட்டில் மீன்பிடி வழிகாட்டிக்கு நாள் கட்டணத்தில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது கொடுப்பது வழக்கம். கடைசி நாள், ரொக்கமாக, உறையில் வைத்து. மீன் கிடைக்காவிட்டாலும் கொடுக்க வேண்டும் என்கிறார்கள், அந்த ஒரு விதியில் நியாயம் இருக்கிறது. ஆனால் மீன் கிடைத்தால் கூட்டிக் கொடுக்கலாம் என்பதும் அதே மூச்சில் வரும். ஆறு செய்ததற்கு ஆளின் கூலி கூடிக் குறைகிறது.

தமிழ் படித்தவன் என்பதால் சொற்களைக் கொஞ்சம் கிளற ஆசை. இனாம் அரபியிலிருந்து வந்தது, பட்சீஸ் பாரசீகத்திலிருந்து. இந்த இனாம் என்ற சொல் நம் நாட்டில் இரண்டு வேலை பார்த்தது. மேலே போனால் நிலம். கோயிலுக்கு, பிராமணருக்கு, வரி நீக்கிய நஞ்சை. அதை ஒழிக்க 1963இல் தமிழ்நாட்டில் சட்டமே போட வேண்டி வந்தது. கீழே வந்தால் எட்டணா. நிலம் வாங்கியவன் அதைப் பாத்தியதை என்றான், செப்பேட்டில் எழுதி வைத்தான், கோர்ட்டுக்குப் போனான். எட்டணா வாங்கியவன் ‘சாமி நல்லா இருக்கணும்’ என்றான். சொல் ஒன்றுதான்.

சங்கப் புலவர்களின் பரிசிலை வைத்து நம் பேராசிரியர்கள் வள்ளன்மை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதியமான் நேரில் பார்க்காமல் பரிசில் கொடுத்தனுப்பியபோது பெருஞ்சித்திரனார் வாங்க மறுத்தார். புறநானூற்றில் 208ஆம் பாட்டு. என் புலமையை அளந்து பார்க்காமல் கொடுப்பதை வாங்க நான் வியாபாரியா என்று கோபம். நல்ல கோபம், எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் மறுக்க முடிகிறவனுக்குத்தான் அது பரிசில். காடு கலைத்த என் தாத்தா எட்டணாவை மறுத்திருந்தால் அன்று ராத்திரி சேரி எரிந்திருக்கும். பரிசில் பாடியவனுக்கு, பரிசல் தள்ளியவனுக்கு டிப்ஸ்.

இன்னொரு சொல், சுதந்திரம். இன்றைக்கு அதற்கு விடுதலை என்று அர்த்தம். 18ஆம் நூற்றாண்டுச் செங்கல்பட்டுப் பகுதிக் கணக்குகளில் சுதந்திரம் என்றால் களத்து நெல்லில் ஊர் ஊழியக்காரர்களுக்கு அளக்க வேண்டிய பங்கு. வெட்டியானுக்கு இவ்வளவு, தச்சனுக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கும். யார் மனசுக்கும் தயவுக்கும் விட்டதல்ல, கணக்கில் ஏறியது. அதுவே பின்னால் எங்கள் ஊர்க் களத்தில் எப்படி ஆனது தெரியுமா? பொலி தூற்றி, மூட்டை கட்டி, வண்டியில் ஏற்றியபின் மண்ணோடு கிடக்கிற நெல்லைக் காட்டி ‘வாரிக்கிட்டுப் போ’. உரிமையாய் அளந்தது இரக்கமாய்ச் சிந்தியது.

அளந்தார்களே, அது போதாதா என்று கேட்டால், போதாது. நம் வெட்டியானைப் போலவே மராத்திய மகார்களும் வந்த அதிகாரிக்கு வழிகாட்ட வேண்டும், மூட்டை தூக்க வேண்டும், சாவுச் செய்தி சொல்லப் போக வேண்டும். பதிலுக்கு வதன் நிலமும் களத்துத் தானியமும் வீடுவீடாக வாங்கும் ரொட்டியும். இதைத் திருத்த 1928இல் பம்பாய்ச் சட்டசபையில் அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார். பிறப்போடு கட்டிய ஊழியத்துக்குப் பரம்பரைப் பங்கு என்பது சங்கிலி, அதை அறுத்து வேலைக்குச் சம்பளமாக்கு என்பது அவர் வாதம். அந்த மானியத்தை விட மனசில்லாத நம்மாட்களும் இருந்தார்கள். பழகின கைக்குச் சங்கிலியும் வளையல்தான்.

இதை நான் அப்பாவிடமே சொல்லியிருக்கிறேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

“உன் காலேஜ் பீஸ் எதுல கட்டினேன்னு தெரியுமா கண்ணு?”

தெரியும். முகாமின் கடைசிக் காலம். சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று சொல்லி 2010களின் தொடக்கத்தில் எல்லாம் நின்றுபோனதே, அதற்குக் கொஞ்சம் முன்னால். ஒரு வயசான இங்கிலாந்துக்காரர் பெட்டியில் போடாமல், விடியற்காலையில் ஆற்றங்கரைக்கு வந்து அப்பா கையில் ஓர் உறையைத் திணித்துவிட்டுப் போனார். உறையின் மேல் ‘பார் யுவர் பாய்’ என்று எழுதியிருந்தது. உன் மகனுக்கு என்று. மகன் படிப்பதைப் பற்றி அரைகுறை இங்கிலீஷில் அப்பா அவரிடம் சொல்லியிருந்திருக்கிறார். விடுதிக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் அதில்தான் கட்டினோம். டிப்ஸைத் திட்டுகிற இந்த எம்.ஏ. தமிழ், டிப்ஸில் வந்த தமிழ். மறைப்பதற்கில்லை.

“அந்த மனுசன் நல்லவர்டா. நீ பேசறதப் பாத்தா அவரும் ஆண்டை மாதிரி இருக்குது.”

அவர் நல்லவர்தான். நான் வாதிடுவது அந்தக் கிழவரோடு அல்ல. பன்னிரண்டு வருசம் துடுப்புப் போட்டவன் தன் மகன் படிப்புக்கு ஒரு கிழவரின் மனசு அன்றைக்கு இளகியதை நம்ப வேண்டி இருந்ததே, அதோடு. கூட இருந்த ஐந்து பேருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் பரிசலில் அந்தக் கிழவர் ஏறவில்லை. அவர்களில் ஒருத்தர் மகன் இப்போது ஓசூரில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறான். என்னைவிடக் கணக்கு நன்றாகப் போடுவான்.

அப்பா விடவில்லை. “கூலிய ஏத்திக் கேளுன்னு சொல்ற. ஏத்தினாங்களா? டிப்ஸும் வேணாம்னு சொல்லியிருந்தா எதத் தின்னிருப்போம்?” நியாயம். வயிற்றைக் காயப்போட்டுக் கொள்கை பேசச் சொல்ல நான் யார்? வாங்குகிறவனை இழிவாகப் பேசுகிற முற்போக்கும் நமக்கு வேண்டாம். சுயமரியாதை இல்லாமல் கை நீட்டுகிறான் என்று எழுதுகிறவன் ஒரு நாள் பரிசல் தள்ளிவிட்டு எழுதட்டும்.

அதனால் நண்பருக்கு நான் பதில் அனுப்பினேன். கொடுங்கள், நன்றாகக் கொடுங்கள், மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரே அளவு. பெட்டியில் போடாதீர்கள். ராகி கிண்டுகிறவர், சுமை தூக்குகிறவர் என்று ஆளுக்காள் தரம் பிரிக்காதீர்கள். கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், சிரிப்பு அந்தத் தொகையில் சேரவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், முகாமுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், அந்த ஆளுக்கு நாள் கூலி எவ்வளவு, ஆற்றில் அடிபட்டால் யார் பொறுப்பு என்று எழுதிக் கேளுங்கள். அவர் பெயரையும் கேளுங்கள் என்று கடைசியில் சேர்த்தேன்.

‘அருமையான சிந்தனை தோழர்’ என்று பதில் வந்தது.

பத்து நாள் கழித்து ஒரு படமும் வந்தது. நண்பர் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறார், கையில் பொன் நிறத்தில் பெரிய மீன். அதன் வாலைத் தாங்கிப் பிடித்திருக்கும் இன்னொருவரின் கைகள் இருக்கின்றன, முகம் படத்தின் விளிம்பில் பாதியோடு நின்றுவிட்டது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார். “மீன இத்தன ஒசரம் தூக்கக் கூடாது, வயித்துல அழுத்தம் பட்டுச் செத்துடும். அந்தாளு சொல்லியிருப்பான், இவரு கேட்டிருக்க மாட்டாரு” என்றார். பிறகு, “இவனுக்கு என்ன கூலியாம்?” என்று கேட்டார்.

நண்பருக்குப் போன் போட்டேன். டிப்ஸ் நான் சொன்னபடியே கொடுத்துவிட்டாராம், கையில்தானாம். பெயர் என்னவோ சிங் என்று முடியுமாம். கூலி மட்டும் கேட்கவில்லை.

“முகாம்காரங்ககிட்ட அதெல்லாம் கேக்கறது நாகரிகமா இருக்குமான்னு ஒரு தயக்கம், அதான்” என்றார்.